ஒரே ஒரு ஸ்பூன்

ஹலோ... ஹலோ, அக்கா? ... நானே கூப்பிடணும்னு ஃபோனைக் கையில எடுத்தேன், நீ கூப்பிட்டுட்ட. நூறு ஆயுசு உனக்கு.

... ஆமா, ஆமா, வீட்டுலதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமைதானே. ... அப்பாவா? உள் ரூம்ல இருக்காரு. முழிச்சிட்டுத்தான் இருக்காரு. ... நான் சமையல் ரூம்ல. ... கதவைச் சாத்தணுமா? எதுக்கு? ... சரி, சரி. இரு, இந்தக் கதவு ஒழுங்காவே சாத்தாது, ஈரத்துல உப்பிப் போயிருக்கு. காலால முட்டுக் குடுத்துக்கறேன். ... ம், சாத்தியாச்சு.

... இல்லக்கா, இரு இரு, முதல்ல நான் சொல்லிடறேன். என்னால வயித்துல வெச்சிருக்க முடியலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு டேபிள் கிடைச்சிருச்சு!

... என்ன டேபிளா? அக்கா! பிரெஞ்சு ஹோட்டல்! அப்பா பொறந்த நாளுக்கு! மூணு வாரமா உன் காதுல இதைத்தானே ஓதிட்டிருக்கேன், நீ எங்கே கவனிச்ச.

... சந்தோஷப்படற குரலா இது? ... சளியா? ஆஸ்பத்திரியிலயே குடியிருந்துக்கிட்டு ஒரு மாத்திரை போட்டுக்க மாட்டியா நீ. எங்க நிக்கற, எதிரொலிக்குது? ... மாடிப்படியிலயா? நர்சம்மா மாடிப்படியில நின்னு பேசினா பேஷன்ட் என்ன நினைப்பாங்க. ... சரி, சரி, சிரிக்க வேணாம்.

... ம். ... ம். ... தெரியும், நீ கேப்பேன்னு. மூணு மாசமா வயித்துல குழாய் வெச்சு அது வழியாத்தான் பாலும் கஞ்சியும் போகுது, தொண்டையில ஒரு சொட்டு இறங்காது, அந்த மனுசனுக்கு எதுக்கு ஹோட்டல்னுதானே? நானா ஆசைப்பட்டேன்? அவர்தான் கேட்டாரு. நோட்டுல எழுதிக் குடுத்தாரு. தொண்டைக் கட்டியை எடுத்த ஆபரேஷன்ல குரல்தான் போச்சு, கையெழுத்து அப்படியே முத்து முத்தா இருக்கு. 'எழுபது வயது. பிரெஞ்சு விருந்து. ஒரு தடவை.' மூணே வரி. கடைசி வரிக்குக் கீழ கோடு.

... மறந்துட்டியாக்கா? நாம படிச்சுக் காட்டுவோமே. அச்சகத்துலேர்ந்து அப்பா புரூஃபை வீட்டுக்கு எடுத்துட்டு வருவாரு, நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கையெழுத்துப் பிரதியைச் சத்தமா படிப்போம், அவர் அச்சுல சரிபாப்பாரு. கமாவுக்கு கமான்னு சொல்லணும், புள்ளிக்குப் புள்ளின்னு சொல்லணும். உனக்குப் பொறுமை இருக்காது, பத்து கமாவை முழுங்கிட்டுப் போயிடுவ. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பாப்பாரு.

... ஆங், அதேதான்! வயசான கப்பல்காரர் வர்ற நாவல். எழுபதாவது பொறந்த நாளைக்குத் தனியா ஹோட்டலுக்குப் போயி, ஜன்னலோரமா உக்காந்து, வெங்காய சூப் வாங்குவாரே. முதல் ஸ்பூனை வாயில வெச்சுட்டுக் கண்ணை மூடிப்பாரு. அப்பா அந்த இடம் வந்தா 'திரும்பப் படி'ம்பாரு. தப்பே இருக்காது அதுல. மூணு தடவை படிக்க வெப்பாரு. நீதான் ஒரு நாள் கேட்ட, 'அந்த சூப் எப்படிப்பா இருக்கும்'னு. 'எனக்கென்னம்மா தெரியும், ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாம்'னாரு. ... இருபது வருசம் இருக்குமா? ... இருபத்திரண்டா. சரி.

... அழறியாக்கா? ... சளின்னா சளிதான், சரி.

... இல்ல, இன்னும் முடிக்கலை. நீ சொல்ல வந்ததை அப்புறம் சொல்லு, தலை போற விஷயமா என்ன? ... அப்புறம்? அப்ப கேளு. நான் இந்த ஹோட்டலை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா நீயே சிரிப்ப.

எங்க சலவைக் கம்பெனிக்கு மூணு பிரெஞ்சு ஹோட்டல்லேர்ந்து மேஜைத் துணி வருது. பேரெல்லாம் எங்க யார் வாயிலயும் நுழையாது. துணி மூலையில ஒரு கலர் நூல் தைச்சிருப்போம், அதான் பேரு. சிவப்பு நூல், பச்சை நூல், நீல நூல். நான் பிரிக்கற மேஜையில நிக்கறவளா, எந்த ஹோட்டல்ல எப்படிச் சாப்பிடறாங்கன்னு துணியைப் பாத்தாலே எனக்குத் தெரியும். சிவப்பு நூல் துணியில உதட்டுச் சாயம், ஒயின், சிகரெட் ஓட்டை. சாப்பிடவா வர்றாங்க அங்க, ஃபோட்டோ எடுக்க வர்றாங்க. பச்சை நூல்ல குழம்புக் கறை நடுவுல குளம் மாதிரி கட்டி நிக்கும், அவசரக்காரங்க கூட்டம். நீல நூல் இருக்கே... அக்கா, அந்தத் துணியில ஓரத்துல கொஞ்சம் வெண்ணெய், ரெண்டு ரொட்டித் தூள். அவ்வளவுதான். கை துடைச்ச துணியைச் சாப்பிட்டவங்களே மடிச்சு வெச்சுட்டுப் போயிருப்பாங்க. நாலா மடிச்சு! ஹோட்டல்ல போயி யாருக்கா மடிச்சு வெப்பாங்க? மனசு நிறைஞ்சவங்கதான் வெப்பாங்க. அதான் நீல நூல்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

... ஆமா, கறையைப் பாத்துத்தான். நீ பேஷன்ட் நாக்கைப் பாத்து வியாதி சொல்றதில்லையா?

... ஆனா அப்பா ஒத்துக்கலையே! 'துணி சாட்சி போதாது'ன்னு எழுதினாரு. மூணு ஹோட்டல் மெனுவையும் கம்பெனி ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்து குடுத்தேன். சிவப்பு பென்சிலை எடுத்துட்டு உக்காந்துட்டாரு. ரெண்டு நாள்க்கா! குழாய்ல கஞ்சி இறங்கிட்டே இருக்கு, இவர் பாட்டுக்கு மெனுவைத் திருத்திட்டிருக்காரு. சிவப்பு நூல் மெனு முழுக்க ரத்தக் களரி. பச்சை நூலுக்கு 'ஓரம் போதாது, மூச்சு முட்டுகிறது'ன்னு எழுதினாரு. நீல நூல்ல ஒரே ஒரு தப்பு. ஐட்டத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்காங்களா, ஆறு, ஏழு, அடுத்து ஒன்பது. எட்டைக் காணோம். அதை மட்டும் வட்டம் போட்டு, ஓரத்துல 'எட்டு எங்கே?'ன்னு எழுதி, கீழே 'மற்றபடி அச்சு சுத்தம். சாப்பாடும் சுத்தமாக இருக்கும்'னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. என்னவோ அச்சேத்த அனுப்பற மாதிரி.

... சிரிச்சிட்ட. நான் கேட்டேன், நீ சிரிச்சிட்ட.

... ம். ... ம், சொல்றேன். ஃபோன் பண்ணினேன். முதல்ல ஒரு பொண்ணு எடுத்துச்சு. ரெண்டு பேருக்கு டேபிள் வேணும், அதுல ஒருத்தர் சாப்பிட மாட்டார்னேன். சாப்பிடாதவங்களுக்கு இடம் தர்ற வழக்கம் இல்லைன்னுச்சு. வேணும்னா எல்லாத்தையும் அரைச்சு டம்ளர்ல ஊத்தித் தரோம்னுச்சு. வாயால அதுவும் முடியாதும்மான்னேன். அப்ப எதுக்கு வரீங்கன்னு கேட்டுடுச்சு. நியாயம்தானே? வெச்சுடலாம்னு நினைச்சேன். அப்புறம் என்ன தோணிச்சோ, 'உங்க மெனுவுல எட்டாம் நம்பர் இல்ல, எங்கப்பா கண்டுபிடிச்சாரு'ன்னேன்.

... நிஜமா! அதைத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு, 'இருங்க'ன்னு சொல்லி அங்க இருக்கற பெரிய சர்வரைக் கூப்பிட்டுச்சு. வயசான குரல். விஷயம் எல்லாத்தையும் சொன்னேன்க்கா. அச்சகம், நாவல், கப்பல்காரர், ஆபரேஷன், குழாய், எல்லாத்தையும். முழுக்கக் கேட்டுக்கிட்டாரு. அப்புறம், 'பதினோரு வருசமா அந்த மெனுவை நான் கையில வெச்சிருக்கேன், ஒருத்தர் கூடக் கண்டுபிடிக்கலை'ன்னாரு. அப்புறம்... 'அவரைக் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் தட்டு வெப்போம். ஒவ்வொண்ணையும் மூடி போட்டுக் கொண்டு வந்து அவர் முன்னாடி திறப்போம். அவர் வாசனை பாத்து, போதும்னு கையைக் காட்டினா எடுத்துடறோம்'னாரு.

... ம். ... ஆமாக்கா. முன்னப்பின்ன தெரியாத ஆளு.

... கோட்டுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். கம்பெனியில யாரோ போட்டுட்டு வாங்கவே வராத கோட்டு ஒண்ணு ரெண்டு வருசமாத் தொங்குது, மேனேஜரம்மா எடுத்துட்டுப் போன்னுட்டாங்க. தோள்ல தொளதொளன்னு இருக்கு. ஆளே இல்ல உள்ள, வெறும் கோட்டு நடந்து வர்ற மாதிரி இருக்கு. குழாய் வெளிய தெரியாது, அது ஒரு வசதி. ஆறு மணிக்கே கஞ்சியைக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறேன். சரிதானே? ... சாஞ்சு உக்காராம, நிமிந்து. ம். ஒரு மணி நேரம். ... ம், தெரியும்.

... இரு, நீ என்னமோ சொல்லணும்னியே. ... என்கிட்ட ஒண்ணு இருக்கு முதல்ல. கேக்கட்டுமா? கத்தக் கூடாது. கத்த மாட்டேன்னு சொல்லு. ... சொல்லு. ... சரி.

அந்தப் பெரியவர் கடைசியா ஒண்ணு சொன்னாரு. எட்டாம் நம்பர் காலியாத்தானே இருக்கு, வெள்ளிக்கிழமை அன்னிக்கு மட்டும் எட்டாம் நம்பர்னு ஒண்ணு போடறோம், எழுபது வயசுக்காரருக்காக. ஒரே ஒரு ஸ்பூன் வெங்காய சூப். டாக்டர் சரின்னா.

... ... அக்கா?

... கத்த மாட்டேன்னு சொன்ன! ... தெரியும். தெரியும்க்கா. மூச்சுக்குழாய்க்குப் போயிடும், நெஞ்சுல சளி கட்டிக்கும், நிமோனியா. நூறு தடவை சொல்லிட்ட. உன் ஊர்லேர்ந்து அப்பாவை இங்க கூட்டிட்டுக் கிளம்பும்போது ஏர்போர்ட் வாசல்ல வெச்சும் சொன்ன. அவர் கையில சீட்டு எழுதி வேற குடுத்த. ... அதுல கூட அப்பா ஒரு புள்ளி வெச்சுத்தான் வாங்கிக்கிட்டாரு.

... சரி, தண்ணியா இருக்கறதுதான் ஆபத்துன்னியே? அப்ப கெட்டியா? சாக்லேட்ல ஒண்ணு பண்றாங்களாம், நுரை மாதிரி, கூழ் மாதிரி... ... அதுவும் கூடாதா. ... அரை ஸ்பூன்? ... ஸ்பூன் நுனியில? ... நாக்குல வெச்சு, முழுங்காம, துப்பிடச் சொல்றேன். அவர் சொன்னா கேப்பாருக்கா. ... முழுங்கணும்னு நினைக்காமலே முழுங்கிடுவாங்களா. ... ம். நாக்கு வழக்கம். ம்.

... அப்ப பஞ்சுல நனைச்சு உதட்டுல ஒத்தட்டுமா? ஜுரக்காரங்களுக்குச் செய்வீங்களே. வாய் காஞ்சு கிடந்தா. ... அக்கா, உதட்டுலக்கா. உதடு உடம்புக்கு வெளியதானே இருக்கு! ... நான் விளையாடலை. சத்தியமா விளையாடலை. அந்த மெனுவை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வெக்கறாரு, கமாவோட. வெங்காய சூப் வந்ததும் விரலைத் தூக்கறாரு. திரும்பப் படிக்கணுமாம். நேத்து மூணு தடவை படிச்சேன். தொண்டையில அந்தக் கட்டுக்குக் கீழ என்னமோ அசையுது. எச்சில் முழுங்கப் பாக்கறாரு, முடியலை, துண்டால துடைச்சிக்கறாரு. நீ பாத்தா நீயே குடுத்துடுவ. ... குடுக்க மாட்டியா. குடுக்க மாட்ட. உனக்கென்ன, யூனிஃபார்ம் போட்டா நீ மக இல்ல, நர்சு.

... ... அக்கா? ... சாரி. சாரிக்கா. வாய் தவறி வந்துடுச்சு.

... சரி. இப்ப வேணாம்னா வேணாம். கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஆஸ்பத்திரியில எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் புதன்கிழமை வந்துடும்ல? அதுல நல்லா வந்துச்சுன்னா, முழுங்கறதுக்குப் பயிற்சி ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொன்னாரே. அடுத்த வருசம் பொறந்த நாளைக்குத் தானே ஸ்பூன் பிடிப்பாரு. எட்டாம் நம்பரை எடுத்து வைக்கச் சொல்லிடறேன், என்ன? பதினோரு வருசம் காலியா இருந்தது, இன்னும் ஒரு வருசம்...

... என்ன? ... என்ன சொன்ன? லைன் விட்டு விட்டு வருது. ... குடுன்னா சொன்ன?

... நிஜமாவா! ஐயோ அக்கா! ... உதட்டுலயா? ... நாக்குலயா? ஒரு ஸ்பூன்... ஒரு ஸ்பூன்தான்க்கா, அதுக்கு மேல நான் விட மாட்டேன். ... என்ன, எத்தனை வேணாலுமா?

... ம்.

... என்ன கேட்டாலும் குடுன்னா... ஒயினுமா?

... அக்கா, நீ ஏன் இப்படிப் பேசற? இப்பத்தானே பஞ்சு கூடக் கூடாதுன்ன. ... ரெண்டு நிமிஷம் ஆகலை அதுக்குள்ள. ... மூச்சுக்குழாய்க்குப் போயிடும்னியே. ... போனா போகட்டும்னா? அது என்ன பேச்சு?

... ...

ரிப்போர்ட் வந்துடுச்சா.

... ம்.

... எப்ப? ... காலையிலயா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டியா. ... நான் பாட்டுக்குத் துணிக்கறை, நூல் கலர்னு... நிறுத்துடின்னு சொல்ல வேண்டியதுதானே. ... எங்க? ... ம். ... நெஞ்சுல ரெண்டு பக்கமும் பரவிடுச்சா? ... ஈரல்லயும். ... ம். ... ம்.

... டாக்டர் என்ன சொல்றாரு? மருந்து எதுவும்... ... இல்ல, வேற ஊர்ல வேற டாக்டர்... ... ம். சரி. நீ கேட்டிருப்ப. நீ கேக்காம இருந்திருக்க மாட்ட.

... எத்தனை நாள்? ... சொல்லு, நான் உக்காந்துதான் இருக்கேன். ... பொய்தான், நின்னுட்டுத்தான் இருக்கேன், கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்ல. சொல்லு. ... ... அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குத்தான் அவரைத் திரும்ப உன்கிட்ட கூட்டிட்டு வர்ற டிக்கெட் போட்டிருக்கேன்க்கா. ... முன்னாடியே மாத்தணுமா. ... ம். ... வெள்ளிக்கிழமை முடிஞ்சதும். சனிக்கிழமையே. ம்.

... இல்ல. எனக்கு வேணாம்க்கா. குடுன்னு சொல்லாத நீ. பழையபடி கத்து. குடுத்தா கொன்னுடுவேன்னு சொல்லு. உதடு, பஞ்சு, எதுவும் கூடாதுன்னு சொல்லு. நான் கெஞ்சறேன், நீ முடியாதுன்னு சொல்லு. இப்பத்தானே நல்லாச் சண்டை போட்டுட்டிருந்தோம்... ... அழாத. மாடிப்படியில ஆள் வரும். அழாதக்கா.

... தெரியாது. அவருக்கு எதுவும் தெரியாது. ... சொல்ல மாட்டேன். ஆனா நீ சரின்னுட்டேன்னு சொன்னா அந்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவாருக்கா. காணாமப் போன எட்டைக் கண்டுபிடிச்ச மனுசன். எது இல்லையோ அது மேலதான் அவர் கண்ணு போகும். பெரியவ வேணாம்னு சொல்லலைன்னா, ஏன் சொல்லலைன்னு...

... இரு. கதவைத் தட்டறாரு. பென்சில்ல தட்டறாரு. ... வரேம்ப்பா! ஒரு நிமிஷம்! அக்காதான் பேசறா! ... தள்ளறாரு. நான் காலை எடுக்கலை. ... என்ன பலம் இருக்கும் அவருக்கு, கதவு ஒரு நூல் கூட அசையலைக்கா. அசையவே இல்ல.

... என்னால இதுக்கு மேல முடியாது, காலை எடுக்கறேன். நீ கேளு, ஃபோனை ஸ்பீக்கர்ல போடறேன், நீ திட்டு. கூடாதுன்னு சத்தமா ஒரே ஒரு வார்த்தை. மத்ததை நான் பாத்துக்கறேன். திட்டுவியா? ... திட்டுவியாக்கா?

... வாங்கப்பா. வாங்க, பாத்து, அந்தப் படி. ... இல்லப்பா, வெங்காயம் உரிச்சேன், அதான் கண்ணு. ... ஆமா, வெள்ளிக்கிழமை பத்தித்தான் பேசிட்டிருந்தோம். இருங்க, அவளையே சொல்லச் சொல்றேன். ... அக்கா, அப்பா பக்கத்துல இருக்காரு. ஸ்பீக்கர்ல இருக்க. சொல்லு.

... அக்கா, சொல்லு.

... ... ஹலோ?

... ஹலோ... அக்கா... ஹலோ...

... இல்லப்பா, கட் பண்ணிட்டா. பயங்கரக் கோவம் அவளுக்கு. கூடவே கூடாதாம். ஒரு சொட்டு கூடாதாம். உதட்டுல கூடக் கூடாதாம். நம்ம ரெண்டு பேரையும் சேத்து வெச்சுத் திட்டிட்டு வெச்சுட்டா. ... விடுங்கப்பா, அவ கிடக்கறா. அவளுக்குத் தெரியாம நாம ஒரு ஸ்பூன்... ஒரே ஒரு ஸ்பூன்... என்னப்பா? ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க? ... பென்சிலைக் கீழ வைங்கப்பா.